உன் பெயரை நான் இங்கே கூப்பிடவில்லை

அன்புள்ள மகனுக்கு, ஆரணியிலிருந்து அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று எப்போதும் கேட்பேன், இந்த முறை நீ எங்கே இருக்கிறாய் என்றே கேட்கத் தோன்றுகிறது. ராஜஸ்தானில் மணல்காட்டில் படப்பிடிப்பில் இருக்கிறாய் என்பது தெரியும், அதைக் கேட்கவில்லை. போன் இருக்கும்போது எதற்கு இத்தனை பக்கம் என்று நினைப்பாய். இந்த வீட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். மேலே உன் பெயரை விட்டிருப்பதும் மறதியால் இல்லை. வரிசையாகப் படி, நடுவில் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே, சின்ன வயதில் கதைப் புத்தகத்தில் அப்படித்தான் செய்வாய்.

வீட்டுச் செய்தி முதலில். ஆடிக்குப் பிறகு நல்ல மழை, பின்கட்டில் ஒழுகின இடத்துக்கு ஓடு மாற்றியாகிவிட்டது. தீபாவளிக்கு ஆர்டர் குவிந்திருக்கிறது, தெருவில் எந்த வீட்டைத் தாண்டினாலும் தறிச் சத்தம்தான். நூலகத்தில் புதுப் புத்தகங்கள் வந்திருக்கின்றன, நூலகர் எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தார், ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன், நான் அப்படி வெறுங்கையோடு திரும்பினதே இல்லை என்று அவருக்கு ஆச்சரியம். எதிர்வீட்டு பானுப்ரியா உன்மேல் கோபமாக இருக்கிறாள். ஆவணி பிறந்த புதிதில் ஒரு பட்டப்பகலில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டு, “ஏங்க்கா, உங்க புள்ள வந்துகினு இருந்துச்சி, எப்ப வந்தப்பான்னு கேட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல, நேரா உங்க வூட்டுக்குள்ள பூந்துடுச்சி. நாலு படத்துல மூஞ்சி தெரிஞ்சா எதிர்வூட்டு அக்காவ மறந்துடுமா, இடுப்புல தூக்கிகினு திரிஞ்சவ நானு” என்று சண்டைக்கே வந்துவிட்டாள். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். யாரும் உள்ளே வரவில்லை. ஆனால் அவள் சொல்லி முடித்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை. ஏனென்றால் இது முதல் தடவை இல்லை.

உனக்கு நினைவிருக்கிறதா, பெரணமல்லூர்ப் பக்கம் உன் அத்தை ஊரில் பாரதக் கூத்து முடிகிற நாள் காலையில் படுகளம் நடக்கும். போரில் செத்த பஞ்சபாண்டவர் பிள்ளைகளாக ஐந்து பையன்களை மஞ்சள் பூசிப் படுக்கவைத்து வெள்ளை வேட்டியால் மூடுவார்கள், ஒப்பாரி முடிந்ததும் அவரவர் அம்மா போய் மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால்தான் எழுந்திருக்க வேண்டும். மூன்றாவது படிக்கும்போது நீ அடம் பிடித்து அந்த ஐவரில் ஒருவனாகப் படுத்தாய். மற்ற நான்கு பேருக்கும் வேட்டிக்குள் கால் அசைந்தது, இருமல் வந்தது, ஒருவன் கொசு அடித்தான். நீ படுத்திருந்த இடத்தில் துணி ஏறி இறங்கவே இல்லை. ஒப்பாரி வைத்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள், மஞ்சள் தண்ணீரைத் தெளித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், நீ எழுந்து உட்கார்ந்து கண்ணைத் திறந்ததும் கேட்டது, “நல்லா செத்தனாம்மா?” என்று. அன்றைக்கே நீ நடிகனாகிவிட்டாய் என்று நான் நினைக்கிறேன். உங்கப்பா அன்றைக்கே பயந்துவிட்டார் என்றும் நினைக்கிறேன், அதைக் கோபம் என்றே இத்தனை வருடமும் நாம் எடுத்துக்கொண்டோம்.

காலேஜை விட்டுவிட்டுச் சென்னைக்குக் கிளம்பினாய். நாடகக் குழுவில் தரை பெருக்கினாய். குறும்படம் ஒன்றில் லாரி அடித்துக் கிடந்தாய், சீரியலில் சுவரில் மாலை போட்ட போட்டோவாகத் தொங்கினாய், பிறகு சினிமாவில் கதாநாயகனுக்கு நண்பனாக இடைவேளைக்கு முன்னால் குத்துப்பட்டாய். அந்தச் சாவைப் பார்த்துத் தியேட்டரில் விசிலடிக்கிறவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள், அதிலிருந்து யார் சாக வேண்டுமென்றாலும் உன்னைத்தான் தேடினார்கள். உங்கப்பா, “பொணமா படுத்துத்தான் இவன் சோறு துன்னணுமா” என்று கேட்டார், நீ, “உங்க தறிக்குழியில உக்காந்து சாகறதுக்கு அது மேல்” என்றாய், அன்றைக்கு நின்ற பேச்சு இன்னும் நின்றபடி இருக்கிறது. இரண்டு பேருமே அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

முதல் படப்பிடிப்பு முடிந்து நீ போனில் சொன்னது எனக்கு மனப்பாடம். செத்த மாதிரி நடித்தவன் ஷாட் முடிந்ததும் எழுந்து காமிராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் படம் எடுத்த பிறகுதான் பூசணிக்காய் சுற்றி உடைத்து அனுப்புவார்கள், வயதான லைட்மேன் ஒருவர் விடாப்பிடியாக நின்று உன்னைச் சிரிக்கவைத்தார் என்றாய். சினிமாக்காரர்களிடமும் நம் படுகளத்து வழக்கம் இருக்கிறதே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு மத்தியானம்தான் டீக்கடை சிவகுமார், “தம்பி வந்து பெஞ்சில உக்காந்துச்சி, டீ குடுத்தேன், தொடாம போயிடுச்சி” என்றார். யாரையோ பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டேன். அடுத்த படத்திலும் அதே மாதிரி ஆற்றுப்பாலத்தில் யாரோ உன்னைப் பார்த்தார்கள், நீ தண்ணீரில் மிதந்த நாள் அது. ஒவ்வொரு தடவையும் நீ சிரித்து முடித்த பிறகு இங்கே பார்த்ததாக யாரும் சொன்னதில்லை. இதை யாரிடமும் நான் பேசவில்லை, உன்னிடமும் பேசவில்லை. நான் படித்த புத்தகங்களை வைத்து இதற்கு ஏதாவது காரணம் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

இந்தப் படத்தில் நீ முதல் காட்சியிலேயே இறந்துவிடுகிறாய், உன் உடம்பைத் தோளில் போட்டுக்கொண்டு உன் தம்பியாக நடிப்பவர் பாலைவனத்தைக் கடக்கிறார், படம் முழுக்க நீ பிணம், இப்படி ஒரு வேடம் யாருக்குக் கிடைக்கும் என்று குதித்தாய். நானும் சந்தோஷப்பட்டேன். டைரக்டர் அந்தச் சிரிப்பு ஷாட்டை எடுக்கவே விடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தினம் சிரித்தால் முகம் இளகிவிடும், படம் முடியும்வரை செத்தவனாகவே இரு என்று சொல்லிவிட்டாராம். இதை நீ சொல்லவில்லை, அங்கே உதவி டைரக்டராக இருக்கிற போளூர்ப் பெண் மதிவதனி சொன்னாள்.

இங்கே நடந்ததைக் கேள். நீ போனதிலிருந்து உங்கப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்குத் தனி நாடா போடுவது நான்தானே. பானுப்ரியா சொன்ன மறுநாள் வழக்கம்போல உட்காரப் போனேன், “நீ போய் வேலயப் பாரு, அவன் இருக்கான்” என்றார் தலை நிமிராமல். இடம் காலியாக இருந்தது. புத்தி பிசகிவிட்டதோ என்று அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், நாடா போய்த் திரும்பும் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. சாயந்திரம் புடவையைத் தொட்டுப் பார்த்தேன், ஒரு ஆள் தனியாக நெய்தால் கரையும் உடலும் அப்படிச் சேராது. சேர்ந்திருந்தது. அதோடு கரை ஓரம் லேசாக உள்ளே இழுத்திருந்தது. நீ நாடாவைப் பிடித்தால் இழை இறுகும் என்று உங்கப்பா உன்னை எத்தனை தடவை திட்டியிருக்கிறார். புடவை வாங்க வந்த முதலாளிகூட விரித்துப் பார்த்து, “யாருமா கரை போடறது, கொஞ்சம் இறுக்கம்” என்றார். உங்கப்பா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து வருடக் கணக்காகிறது.

அன்றிலிருந்து அவர் அந்தப் பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டே நெய்கிறார். சின்ன வயதில் தன் அப்பாவிடம் வாங்கின அடி, கண்ணமங்கலத்துக்குச் சைக்கிளில் போனது, உன்னிடம் நேரில் ஒருநாளும் சொல்லாததெல்லாம் சொல்கிறார். சாப்பிடும்போது இன்னொரு தட்டு வைக்கச் சொல்கிறார், வைக்கிறேன். சோறு வைத்தது வைத்தபடி இருக்கிறது. ஒருநாள் கொட்ட மனமில்லாமல் அந்தத் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். என் கையால் உப்பும் புளியும் போட்டுக் கொதிக்கவைத்த குழம்பு, வாயில் ஈரம் மட்டும்தான் தெரிந்தது. சட்டியில் மிச்சம் இருந்ததை ருசித்தேன், அது சரியாக இருந்தது. அந்த வாரம்தான் நீ போனில், “எதைத் தின்னாலும் நாக்குல ஒண்ணும் தெரியலம்மா, வெயில் போல இருக்கு” என்றாய். உன் குரலும் கிணற்றிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. மதிவதனியைக் கேட்டால் அழுகிறாள். “கட் சொன்னப்புறமும் அண்ணன் எந்திரிக்க மாட்டேங்கறாரும்மா, உலுக்கித்தான் எழுப்பறோம், ஒவ்வொரு நாளும் இன்னும் நேரமாவுது, டைரக்டரும் மத்தவங்களும் என்னா ஈடுபாடுன்னு கைதட்டறாங்க, எனக்கு பேஜாரா இருக்கு” என்கிறாள். கைதட்டுகிறவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். படுகளத்தில் நானும் ஒரு நிமிஷம் பெருமைப்பட்டுக்கொண்டுதான் நின்றேன்.

போன வெள்ளிக்கிழமை நடுப்பகலில் நானே பார்த்தேன். உங்கப்பா நூல் வாங்கப் போயிருந்தார். தறி ஓடவில்லை. தண்ணீர் எடுத்துக்கொண்டு கூடத்தைத் தாண்டினவள் நின்றுவிட்டேன். தறியின் கரைப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. கழுத்து வளைவு உன்னுடையது, மடக்கின காலில் குதிகால் தழும்பு உன்னுடையது, சட்டை முதுகில் மணல் ஒட்டியிருந்தது. வெயில் அதன்மேல் விழுந்தது, தரையில் நிழல் இல்லை. எனக்குப் பயம் வரவில்லை, அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. என் பிள்ளை வந்துவிட்டான் என்றுதான் நெஞ்சு சொன்னது. உன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் படுகளம் நினைவுக்கு வந்தது, அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து திரும்ப வேண்டும். இங்கே கூப்பிட்டால் இங்கே இருப்பது திரும்பிவிடும், இங்கேயே இருந்துவிடும். பிறகு அங்கே மணலில் கிடப்பதை யார் உலுக்கினாலும் ஆகாது. முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். குடம் கூடத்தில் உருண்டது, அது அதற்கும் திரும்பவில்லை.

உங்கப்பாவிடம் அன்றைக்கே பேசினேன். இது நம் பிள்ளை இல்லை, பிள்ளையிலிருந்து கழன்று வந்தது, இது இங்கே தேறத் தேற அவன் அங்கே வற்றுகிறான் என்றேன். அவர் ரொம்ப நேரம் நாடாவில் நூல் கோர்த்தார். பிறகு, “இவன் எதிர்த்துப் பேசல. உட்டுட்டுப் போவல. எனக்கு இவன் போதும் சுபா” என்றார். எனக்கு எதிர்த்துப் பேசுகிறவன்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். அவரைத் தப்பாக நினைக்காதே, பேசாத பிள்ளையிடம்தான் அவருக்குப் பேச வருகிறது.

நல்லவேளையாக அவர் உன்னை டேய் என்று கூப்பிடுகிறவர், பெயர் சொல்லிப் பழக்கமில்லை. அங்கேயோ உனக்கு வைத்த ரிஷ்வா என்ற புதுப் பெயரைத்தான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள், அந்தப் பெயருக்கு நீ எப்படி எழுந்திருப்பாய், அதை நான் வைக்கவில்லையே. உறையின்மேல்கூட அதைத்தான் எழுதுகிறேன். போனில் உன் பெயரைச் சொன்னால் இந்த வீட்டுக்குள் சொன்ன மாதிரி ஆகிவிடும், தெருவில் போய்ச் சொல்லவும் துணிச்சல் வரவில்லை. எழுத்தில் சத்தம் இல்லை, நீ படிக்கிற இடத்தில்தான் அது சத்தமாகும் என்று நம்புகிறேன். அதனால் நான் சொல்கிறபடி செய். கூட ஒரு பொட்டலத்தில் மஞ்சள் வைத்திருக்கிறேன், நம் வீட்டு உரலில் இடித்தது. இது கைக்குக் கிடைத்த மறுநாள் ஷாட் முடிந்ததும், மேக்கப்பைக் கழுவுவதற்கு முன்னால், மதிவதனியைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கச் சொல். கடிதத்தின் கடைசியில் இருக்கிற வரியை அவள் வாய்விட்டுப் படிக்கட்டும். எழுந்து உட்கார்ந்து அவள் போனையாவது பார்த்து நன்றாகச் சிரி. டைரக்டர் கோபித்தால் கோபிக்கட்டும், தினம் செத்து தினம் எழுகிறவன்தான் நடிகன், எழத் தெரியாதவனுக்கு அந்த வேலை எதற்கு என்று நான் கேட்டதாகச் சொல். சினிமாவை விடு என்று நான் சொல்லவில்லை, ஒருநாளும் சொல்லமாட்டேன். படம் முடிந்ததும் பஸ் ஏறி ஆரணிக்கு வா, வந்து உங்கப்பாவோடு நன்றாகச் சண்டை போடு, அவர் திட்டட்டும், நீயும் பேசு. அந்தப் பக்கம் காலியானதும் அவர் கொஞ்ச நாள் உடைந்துபோவார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பசித்தால் சாப்பிடு, ருசி வந்ததும் முதலில் எனக்குச் சொல். மணலில் வெறும் முதுகோடு படுக்காதே. நீ நூறு படத்தில் சாகலாம், ஒவ்வொன்றிலும் எழுந்து வந்து நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், கருமாரி துணையிருப்பாள்.

இப்படிக்கு, உன்னைவிடப் பத்தொன்பது வயதே மூத்தவள், ஆனாலும் உன் அம்மா,
சுபலட்சுமி.

மதிவதனி, இதை மட்டும் சத்தமாகப் படிம்மா: வீரபாகு, எல்லாரும் போயாச்சு, நல்லா செத்தடா கண்ணு, போதும், எழுந்திரு.

எழுதி முடித்து உறையில் போடுவதற்குள் கூடத்தில் தறி நின்றுவிட்டது. “ஏய் சுபா, இவன் எங்க எந்திரிச்சிப் போறான், கேட்டா திரும்பிக்கூடப் பாக்காம போறானே” என்று உங்கப்பா கூப்பிடுகிறார். வாசல் கதவு திறந்து கிடக்கிறது. பெயரை எழுதினதே கேட்டுவிட்டதோ என்னவோ, கிளம்பிவிட்டான் போலிருக்கிறது, இந்தக் கடிதத்துக்கு முன்னால் உன்னிடம் வந்து சேர்ந்தாலும் சேரலாம், வந்தால் இடம் கொடு. நான் போய்க் கரைப் பக்கம் உட்காருகிறேன்.