பதில் கூவிய சேவல்

ஆனைமலை அடிவாரம், 1979

குரும்பகரத்தில் இருக்கும் அப்பாவுக்கு மாணிக்கவேல் வணங்கி எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

"கோழி எண்ணவா ஒன்னப் படிக்க வச்சேன்" என்று தபால்காரர் வாசித்துச் சிரிக்கும்படி கார்டில் எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், எண்ணத்தான் செய்கிறேன். காட்டுக்கோழி எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தால்தான் இங்கே வேட்டையைத் தடுப்பார்கள். நாம் சேவல் மாதிரிக் கூவினால் சேவல் பதில் கூவும், அதைக் குறித்துக்கொள்வோம்.

நேற்று விடியலில் புதருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. கூவிக்கொண்டே நெருங்கினேன். தலையில் வலை விழுந்தது. கோழி பிடிக்க வந்தவன், அவனும் கூவியிருக்கிறான். "சனியனே, இவ்வளவு நேரமும் நீதானா" என்று காறித் துப்பிவிட்டுப் போனான். கழுத்தில் சின்னக் கீறல்தான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். இனிமேல் கார்டு வேண்டாம், கவரில் எழுதுங்கள். திட்டுவதானாலும் நீளமாகத் திட்டுங்கள்.

ஜீப் கிளம்புகிறது. எத்தனை எண்ணினாய் என்று கேட்பீர்கள். நேற்று அந்தக் காட்டில் கூவியது நாங்கள் இரண்டு பேர்தான்.

மாணிக்கவேல்