உன் அப்பாவின் ஷெவ்ரோலேயும் என் முட்டியும்

ஹவானா,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நெரெய்தாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் காரும் சுகம். மூன்று பேரில் அதிக சுகம் காருக்குத்தான், அதற்கு ஒழுகாத கொட்டகை இருக்கிறது, எங்களுக்கு ஒழுகுகிற வீடு. நீயும் அந்த ஸ்பெயின் குளிரில் சளி கிளி பிடிக்காமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க மாதா பார்த்துக்கொள்ளட்டும். போனில் பேசினால் பாதியில் அறுந்துபோகிறது, அறுந்துபோகாத நாளில் உன் அப்பா பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்கிறார், அதனால்தான் இரண்டாம் மாடி செனைதாவின் மருமகன் உன் ஊருக்கு வருகிறான் என்றதும் கடிதமாகவே எழுதிவிட உட்கார்ந்தேன். அவர் காருக்கு அடியில் படுத்திருக்கிறார், இப்போதைக்கு எழுந்து வரமாட்டார்.

என் முட்டி விஷயம் உனக்கு அரைகுறையாகத் தெரியும். புதிதாக வந்திருக்கும் டாக்டர் பெண் அழுத்திப் பார்த்துவிட்டு, எலும்பும் எலும்பும் உரசுதும்மா, இனிமே மாடி ஏறுறதைக் குறைச்சுக்கங்கன்னு சொன்னாள். மூணாவது மாடியில வீட்டை வச்சுக்கிட்டு எதைக் குறைக்கிறது, வீட்டுக்குப் போறதையான்னு கேட்டேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பெரிய நிபுணர் மாதிரி, உரசினா கிரீஸ் வைக்கணுமே டாக்டர் என்கிறார். அவருக்கு உலகத்தில் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். அந்தக் காருக்கு அவர் செய்வதில் பத்தில் ஒரு பங்கு எனக்குச் செய்திருந்தால் நான் இன்னும் ரும்பா ஆடிக்கொண்டிருப்பேன். கடற்காற்று உப்பு ஏறிவிடும் என்று தினமும் சாயங்காலம் ஈரத்துணியால் துடைக்கிறார், அதுவும் நான் குளிக்கப் பிடித்து வைத்த தண்ணீரில். துரு ஒரு பொட்டு தெரிந்தால் போதும், சுரண்டி எடுத்து, பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, குழந்தைக்குப் பவுடர் போடுவது போலப் பெயிண்ட் தொட்டு வைக்கிறார். இத்தனைக்கும் பெயர்தான் ஐம்பத்துமூன்றாம் வருஷத்து ஷெவ்ரோலே. எஞ்சின் ரஷ்யாக்காரனுடையது, ஸ்டீரிங் செத்துப்போன ஏதோ ஒரு வேனுடையது, பின்கதவுக் கைப்பிடி நம் பழைய ஃபிரிட்ஜினுடையது, இழுத்துத் திறக்கும்போதெல்லாம் உள்ளே பால் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றுகிறது. முன்னால் ஒட்டியிருக்கும் மாதா, இவர் ஷேர் டாக்சி ஓட்டும் லட்சணத்தில் எதிரே வரும் லாரிகளைப் பார்த்துப் பார்த்தே வெளுத்துப்போய்விட்டாள்.

இப்படி இருக்கும்போது போன மாதம் எவேலியோ என்று ஒருவன் வந்தான். வெளிநாட்டுக்காரர்களைப் பழைய காரில் ஏற்றிக் கடற்கரைச் சாலையில் சுற்றிக்காட்டுகிற தொழில், வெள்ளைச் சட்டை, கழுத்தில் நாய்ச் சங்கிலி கனத்துக்குத் தங்கம். காரைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தான். பாடியைப் பிள்ளை மாதிரி வச்சிருக்கீங்கய்யா, ஓட்டையே இல்லையே என்றான், உன் அப்பா குளிர்ந்துபோய் அவனுக்கு என் பங்குக் காப்பியையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். மரியனாவோவில் அவனுக்கு ஒரு வீடு இருக்கிறது, தரையோடு தரையாக, படியே கிடையாது, குழாயில் தண்ணீர் தானாக வரும், பின்பக்கம் ஒரு எலுமிச்சை மரம். நம் வீட்டை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் அறைகளாக மாற்ற நினைக்கிறான். நம் வீட்டோடு காரையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த வீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றான்.

நான் அன்றைக்கு வீட்டில் ரத்தக்களரி ஆகப்போகிறது என்று நினைத்தேன். உன் அப்பா காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். கீழே கொட்டகைக்குப் போய் வெகுநேரம் கழித்து வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் முதுகைப் பார்த்து, குடுத்துடலாம் எர்மெலிந்தா, உன் முட்டியை விடவா தகரம் பெரிசு என்றார். நான் திரும்பி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. மரியனாவோவுக்குப் போய் வீட்டையும் பார்த்துவிட்டு வந்தோம். எவேலியோ சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை, அந்த வாசலை நான் கைப்பிடி எதையும் பிடிக்காமல் நடந்து தாண்டினேன், அந்தச் சுகத்தை உனக்கு எப்படிச் சொல்வது. அதற்கப்புறம் உன் அப்பா அந்தக் காரைப் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது போலத் தயார் செய்தார். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார், குரோமியத்தைச் சாம்பல் போட்டு விளக்கினார், எவேலியோவைப் பக்கத்தில் உட்காரவைத்து, காலையில ஸ்டார்ட் பண்றப்ப ரெண்டு மிதி மிதி, அப்புறம் காலை எடுத்துட்டுக் கொஞ்சம் பொறு, திட்டாதே, திட்டினா அடைச்சுக்கும் என்று சொல்லிக்கொடுத்தார். அவன் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளையிடம் இவர் இந்த அளவு பேசவில்லை.

கொடுக்கவேண்டிய நாளும் வந்தது. எவேலியோ ஒரு டிங்கரிங்காரனோடு வந்தான். அந்த ஆள் வந்ததும் வராததுமாகச் சாக்குக்கட்டியை எடுத்துக் கண்ணாடிக்கு மேலே கூரையைச் சுற்றி ஒரு கோடு போட ஆரம்பித்தான். எதுக்கப்பா கோடு என்று உன் அப்பா கேட்டார். கூரையை வெட்டித் திறந்த காராக்கி இளஞ்சிவப்பில் பெயிண்ட் அடிக்கப்போகிறார்களாம். வெட்டினா பாடி நடுவுல தொங்கிடும்ப்பா, கதவு சாத்தாது என்று மெதுவாகத்தான் சொன்னார். எவேலியோ சிரித்துக்கொண்டே, வெளிநாட்டுக்காரனுக்கு வெயில் வேணும்யா, தலைக்கு மேல தகரத்தைப் பாக்கவா பிளேன் ஏறி வர்றான் என்றான்.  உன் அப்பா சாவியைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். நீட்டும்போது பல் பிடுங்கும் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுகிற மாதிரி முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாவியை நான் வாங்கிக்கொண்டேன். கார் கிடையாது எவேலியோ, நீ போயிட்டு வா என்றேன். அவன் வாயைப் பிளந்தான். அத்தை, உங்களுக்காகத்தானே இந்தப் பேச்சே, முட்டி வலிக்குதுன்னீங்களே என்றான். வலிக்குதுதான், இளஞ்சிவப்பைப் பாத்தா கண்ணும் சேர்ந்து வலிக்கும் என்றேன். வேறு கலர் அடிக்கிறேன் அத்தை என்றான். கூரையை விட்டுவிடுகிறேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நெரெய்தா, எனக்கு அந்தக் கார் மேல் ஆசை வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. இத்தனை வருஷம் அதை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன், இன்னொருத்தன் வந்து கோடு போட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது, அவ்வளவுதான். அதோடு இன்னொன்று. கல்யாணமான நாளிலிருந்து இவர் எனக்காக ஒன்றை விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை, மீனில் நடுத்துண்டைக்கூட. அன்றைக்குக் கையை நீட்டிவிட்டார். நீட்டியதே எனக்குப் போதும் என்று தோன்றியது, வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று தோன்றவில்லை.

நன்றி சொல்வார் என்று பார்த்தால் மனுஷன் என் மேல் பாய்ந்தார். நான் குடுத்ததைத் திருப்பி வாங்க நீ யாருடி, நாளைக்குப் படியில உருண்டு விழுந்தா ஊர் என்னைத்தானே பேசும் என்று தெருவே கேட்கக் கத்தினார். செனைதா தன் பங்குக்கு, எலுமிச்சை மரத்தை விட்டுட்டுத் தகரத்தைக் கட்டிக்கிட்டு வந்தவளைப் பாருங்க என்றாள். அதன் பிறகு இவருக்கு என்னோடு பேச்சில்லை. காப்பி வேண்டுமென்றால் மாதா படத்தைப் பார்த்துக் கேட்டார். நானும் மாதாவிடமே கொடுத்தேன். நீ அன்றைக்குப் போன் செய்தபோது அப்பா ஏன் ஒரு மாதிரி பேசுகிறார் என்று கேட்டாயே, இதுதான் சங்கதி.

பிறகு ஒரு நாள் நான் ரேஷனில் அரிசி வாங்கிக்கொண்டு ஒவ்வொரு படியாகத் திட்டிக்கொண்டே ஏறி வருகிறேன், இரண்டாம் மாடித் திருப்பத்தில் டிரில் சத்தம். பார்த்தால் உன் அப்பா முழங்காலிட்டு, காரின் பின்சீட்டைக் கழற்றிக்கொண்டு வந்து சுவரோடு சேர்த்து போல்ட் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் காரில் கம்பெனியிலிருந்து வந்தபடியே மிச்சமிருந்தது அந்தச் சீட் ஒன்றுதான் என்பது உனக்குத் தெரியும், அதன் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருப்பதும், உனக்கு வாந்தி வந்தபோது உன்னை ஜன்னலுக்கு வெளியே பிடித்ததும் தெரியும். இப்போது காரின் பின்னால் பலகை பெஞ்சுதான். பயணிகள் குழிக்குக் குழி இவருடைய வம்சத்தையே விசாரிக்கிறார்களாம், எழுபது வருஷத்துக் கார்ல பஞ்சு மெத்தை கேக்குதோ என்கிறாராம் இவர்.

என்னிடம், உக்காரு, உறையைக் கிழிச்சுடாதே என்றார், சண்டைக்குப் பின் என்னோடு பேசிய முதல் பேச்சு. நான் அரிசியைக் கீழே வைத்துவிட்டு அந்த மாடியிலேயே இருக்கும் செனைதாவிடம் கத்தரிக்கோல் வாங்கி, அந்த உறையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கத்தரித்து எடுத்தேன். அவர் டிரில்லைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். நான் உட்கார்ந்தேன், ஸ்பிரிங் என்னை ராணி மாதிரி தூக்கிக் கொடுத்தது. கொஞ்சம் நகரு என்று சொல்லிவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தோம், வண்டி மட்டும் நகரவில்லை.

மகளே, காதை மூடித் தொப்பி போட்டுக்கொள், ஈரத்தலையோடு வேலைக்குப் போகாதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஈஸ்டர் அன்றைக்கு அப்பாவுக்குப் பிறந்தநாளும் சேர்ந்து வருகிறது, போன் செய்ய மறந்துவிடாதே. அவரை நான் புகழ்ந்து எழுதினேன் என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதே, தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார். மாதாவின் கருணை உன் வீட்டில் குறையாமல் இருக்கட்டும், உன் கால்கள் என்றைக்கும் நோகாமல் இருக்கட்டும்.

உன்னை நினைக்காத நாளில்லாத
அம்மா,
எர்மெலிந்தா