நீ வெளுத்த தலை

நேற்று மதியம் கதவைத் திறந்ததும் ப்ளீச் வாடை முகத்தில் அடித்தது. நாலு நாளைக்கு முன்பு போட்டதாம். அப்படியும் மூக்கின் உட்பக்கத்தைச் சுரண்டியது. துப்பட்டாவைத் தலையில் போட்டபடி ஒரு பெண் நின்றாள். விலக்கிக் காட்டினாள். வேர்ப்பக்கம் வெளிர் மஞ்சள், நடுவில் செம்பட்டைக்கும் ஆரஞ்சுக்கும் இடைப்பட்ட ஒரு நிறம், நுனி காய்ந்த வைக்கோல். உன் முகம் அவளுக்கு அப்படியே இருக்கிறது. அவள் பெயர் சொல்வதற்கு முன்பே உன் மகள் பவித்ரா என்று தெரிந்துவிட்டது.

"அம்மா சொல்லிருக்காங்க ஆன்ட்டி. உங்க தலையும் ஒரு தடவ இப்பிடி ஆய்டுச்சாமே. நீங்களே வீட்ல ஏதோ பண்ணிக்கிட்டு. அம்மாதான் சரி பண்ணிக் குடுத்தாங்களாம். எப்பிடி பண்ணாங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும்னு வந்தேன்."

நீ இறந்து பதினோரு மாதமாகிறது. இன்னும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

நீ போனபோது பழைய பார்லர்க்காரிகள் எல்லோரும் உன் படத்தை வாட்ஸ்அப்பில் வைத்து, தங்கமான மனசு என்று எழுதினார்கள். நான் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன், உனக்கே.

தமிழ் பேசும் எங்கள் மார்டள்ளி கிராமத்திலிருந்து மைசூருக்கு நான் வந்தபோது எனக்குக் கன்னடத்தில் பேரம் பேசக்கூட வராது. வீட்டுக்காரம்மாவிடம் எனக்காகப் பேசி அறை பிடித்துக் கொடுத்தவள் நீ. உன் டிபன் பாக்ஸில் பாதி எனக்குத்தான். இதையும் எழுதாவிட்டால் நானும் உன்னைப் போலாகிவிடுவேன். ஒரே வயது நமக்கு, ஒரே பார்லர், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பார்லர் முதலாளி மேடம் குவெம்பு நகரில் இரண்டாவது பார்லர் திறக்கப் போவதாகவும், அதை என்னிடம் விடப்போவதாகவும் பேச்சு வந்தது. அதற்கடுத்த வாரம்தான் நீ என் முடியைத் தொட்டுப் பார்த்துச் சொன்னாய்.

"ஒரே ஒரு போட்டோ, கண்ணே. இந்த நீளத்துக்குச் சாம்பல் கலர் எப்பிடி இருக்கும் தெரியுமா? மேடம் பாத்தா அசந்துடுவாங்க."

விடுமுறை நாளில் உன் வீட்டில் உட்கார்ந்தேன். காலையில் ஒரு தடவை போட்டாய். நிறம் போதவில்லை என்று மத்தியானம் அதன் மேலேயே இன்னொரு தடவை. உச்சந்தலை தீப்பிடித்த மாதிரி இருந்தது.

"எரியுது புள்ள. கழுவி உட்ரு."

"ஸ்வல்ப இரு, கொஞ்சம்தான். அஞ்சே நிமிஷம்."

அந்த ஐந்து நிமிடத்தில் நீ போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாய். நீ சிரிப்பது கேட்டது. நான் கூப்பிட்டேன், நீ கையைக் காட்டினாய். முக்கால் மணி நேரம். கழுவும்போது ஈர முடி ரப்பர் போல நீண்டு, அறுந்து, கொத்தாக உன் கையோடு வந்தது. வேண்டுமென்றே செய்தாயா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தெரிந்தது அடுத்த நாள் செய்ததுதான்.

பார்லர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே நீ மேடத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாய்: "நான் வேணாம்னுதான் சொன்னேன் மேடம். கேக்கல. வீட்ல அவளே போட்டுக்கிட்டா." கண்ணாடியில் என்னைப் பார்த்தாய். பார்த்தபிறகும் நிறுத்தவில்லை. "அழகா இருந்த முடி, பாவம்" என்று முடித்தாய்.

மேடம் கன்னடத்தில் கேட்டது எனக்கு நன்றாகவே புரிந்தது. தன் தலையையே காப்பாற்றத் தெரியாதவளிடம் எந்தக் கஸ்டமர் தலையைக் கொடுப்பாள் என்று கேட்டாள். குவெம்பு நகர் பார்லர் உனக்குப் போனது. நான் பின்கட்டில் துண்டு துவைத்தேன். ஊர்த் திருவிழாவுக்குப் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். முடி அறுந்து வந்த அன்று, சரி பண்ணித் தருகிறேன் என்றவள் என் அறைப் பக்கம் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

உன் மகளை நாற்காலியில் உட்கார வைத்தேன். வீட்டின் முன்னறையில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன், என் பார்லர் அவ்வளவுதான்.

"இன்னொரு தடவ ப்ளீச் போட்டா ஈவன் ஆய்டுமா ஆன்ட்டி?"

"போட்டா கையோட வந்துரும். இனி ப்ளீச்சத் தொடாத. அயர்ன் பண்ணாத. ட்ரையரும் வேண்டாம்."

நுனியில் இரண்டு விரல் அளவுக்கு வெட்டினேன். காதுக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய இழையை எடுத்து முதலில் அதில் மட்டும் சாயம் வைத்துப் பார்த்தேன். இதை நான் கற்றுக்கொண்ட விதம் உனக்குத் தெரியாது. என் முடி வெந்த அந்தச் சமயம் பத்து நாள் எதுவும் போடாமல், கண்டிஷனர் மட்டும் தடவி, அகலப் பல் சீப்பால் சீவிக்கொண்டு காத்திருந்தேன். பிறகு அமோனியா இல்லாத ஊதாச் சாயத்தை வாங்கி அப்படியே தடவினேன். வெந்த நுனி ஒரே நொடியில் குடித்துக் கத்தரிக்காய் நிறமானது. நல்லவேளை, ஒரே ஒரு இழை. அதன் பிறகுதான் ஒரு கிண்ணம் வெள்ளைக் கண்டிஷனரில் ஒரு ஸ்பூன் சாயம் என்று கலக்கினேன். மஞ்சளுக்கு ஊதா, ஆரஞ்சுக்கு நீலம். ஆரஞ்சு இருக்கும் இடத்தில் முதலில், நுனிக்குக் கடைசியில். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். போர்வெல் தண்ணீரில் அலசினால் மறுபடி செம்பட்டை ஏறுவதுபோல் தெரிந்ததால், காவேரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துக் குளிர அலசினேன். சாம்பல் நிறம் வரவேயில்லை. மங்கலான தேன் நிறம் வந்தது. வெளியே தலைகாட்ட அது போதும்.

உன் மகளுக்கும் அதே கலவை, அதே வரிசை. நடுமுடியில் தடவிக்கொண்டே சொன்னேன்.

"உங்கம்மா சரி பண்ணல பவித்ரா. கெடுத்தது உங்கம்மாதான். சரி பண்ணிக்கிட்டது நானு."

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அழுவாள், எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். கையை எடுக்காமல் இருந்தேன், நேரம் பார்க்க வேண்டியிருந்தது.

"என் டென்த் மார்க்ஸ் கார்ட அம்மாதான் தொலச்சாங்க. அப்பாகிட்ட நான் தொலச்சேன்னு சொல்லிட்டாங்க. நான் பக்கத்துலயே நின்னேன் ஆன்ட்டி. அப்பா அடிச்சாரு" என்றாள். பிறகு, "போனவங்களப் பத்திப் பேசக் கூடாதுன்னு யார்கிட்டயும் சொல்லல."

எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அற்பமான சந்தோஷம்தான், மறைக்கமாட்டேன். அலசி முடிப்பதற்குள் அது போய்விட்டது. என் ஒருத்திக்கு, அந்த ஒரு தடவை, பழி வந்துவிடும் என்ற பயத்தில் செய்துவிட்டாய் என்று எங்கோ ஒரு மூலையில் உனக்கு இடம் விட்டு வைத்திருந்தேன். பெற்ற பிள்ளைக்கும் அதையேதான் செய்திருக்கிறாய். அந்த இடத்தையும் நேற்று மூடிவிட்டேன்.

முடி காய்ந்தபோது ஆரஞ்சு அடங்கியிருந்தது. கண்ணை உறுத்தாத பழுப்பு. அடுத்த வாரம் இன்னொரு முறை வரச் சொன்னேன். கிளம்பும்போது உன் வருஷ திதிக்குக் கூப்பிட்டாள். வரமாட்டேன் என்றேன். துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

என் முடி மூன்று வருடத்தில் பழையபடி வளர்ந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து யாரிடமும் நான் தலையைக் கொடுத்ததில்லை. ஊர்ப் பெண்கள் தலைக்கெல்லாம் கை வைக்கிறேன், என் முடியை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் நின்று நானே வெட்டிக்கொள்கிறேன். இன்று காலை ஆறு வயதாகும் என் மகள் சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். "அம்மா, நான் பின்னி விடறேன்." அவள் விரல் பட்டதும் என் கை தானாக எழுந்து தட்டிவிட்டது. அவள் சீப்பைக் கட்டில் மேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.