எதிர் விடுதியில் விளக்கு எரிகிறதா?

அன்புள்ள செல்வராஜ் சார்,

"சார்னு ஏன்டா கூப்பிடுற, பெரியப்பான்னு கூப்பிடு" என்று ஒருமுறை உங்கள் விடுதி வாசலில் வைத்துச் சொன்னீர்கள். அதை அப்படியே வீட்டில் போய்ச் சொன்னேன். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அவன் எப்படா எனக்கு அண்ணன் ஆனான்?" என்று கேட்டார். அன்றோடு அந்தச் சொல் என் வாயில் நின்றுபோனது.

நீங்கள் கண்மூடிய அன்று திருப்பரங்குன்றத்தில் உங்கள் வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். உங்களிடம் படித்தவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பலருக்குத் தலை நரைத்துவிட்டது. அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தேன். மாலை போட்டார், கும்பிட்டார். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். அவரோ ஒவ்வொரு நாற்காலியாகப் போய், "ஏப்பா, நீ வடக்கா, தெக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

உசிலம்பட்டி சாலையில் நீங்கள் இருவரும் வேலை பார்த்த பையன்கள் விடுதிப் பள்ளியில் வடக்கு விடுதிக்கு அப்பா வார்டன், தெற்குக்கு நீங்கள். அவர் கணக்கு, நீங்கள் அறிவியல். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட எழுந்து நின்று, "தெக்கு சார்", "வடக்கு சார்" என்று பதில் சொன்னார்கள்.

"நம்ம வடக்குப் புள்ளைக இங்க இம்புட்டுப் பேரா?" அப்பாவின் முகம் சுருங்கியது. காது மந்தமானதால் அவருக்கு மெதுவாகப் பேச வராது. என்னைத் திரும்பிப் பார்த்து, "எனக்கு இதைவிடக் கூட வருவாய்ங்க, பாரு" என்றார்.

உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த உங்கள் வீட்டு அம்மா நிமிர்ந்து பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எத்தனையோ சாவு வீடுகளில் நின்று செய்தி சேகரித்தவன் நான். எங்கே வாயை மூட வேண்டும், எங்கே திறக்க வேண்டும் என்று தெரியும். அன்று திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டேன்.

கடைசி நாற்காலியில் இருந்தவரிடமும் அப்பா கேட்டார். "நீ எந்த விடுதி?"

"பரீட்சையில தூங்குனவன் சார்."

யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அது பாண்டி.

பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கினால் உங்கள் இருவருக்கும் ஜன்னலே கதி. எதிர் விடுதியில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது, எரிந்தால் தன் பையன்களை எழுப்பி உட்கார வைப்பது. மறுநாள் மற்றவர் அதற்கும் முன்னால் எழுப்புவார். இப்படியே முந்தி முந்தி, பையன்கள் படுத்ததும் எழுப்பப்படுகிற நிலை வந்தது. பல் விளக்கும் இடத்தில் நின்றபடியே தூங்கினார்கள். அப்படி ஓர் ஆண்டு வடக்கு விடுதிப் பாண்டி, கணக்குத் தேர்வில் விடைத்தாள் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டான். கண்காணிப்பாளர் வெளியூர்க்காரர், பையன் எழுதி முடித்துவிட்டான் என்று நினைத்திருக்கிறார். பாண்டி கணக்கில் ஃபெயில் ஆனான்.

"கதைப் புத்தகம் படிச்சு முழிச்சிருப்பான்" என்றார் அப்பா.

அடுத்த ஆண்டு நீங்கள் பையன்களை எழுப்புவதை நிறுத்தினீர்கள். விடியும்வரை தெற்கு விடுதி இருட்டாகவே கிடந்தது. அப்பா வீட்டுக்கு வந்து, "தோத்துட்டான்யா செல்வராஜ்!" என்றார். எங்கள் அம்மா கேசரி கிண்டினாள். எதற்கென்று தெரியாமலே இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

உங்களைத் தூக்கிச் சென்ற பிறகு, தெருமுனை டீக்கடையில் பாண்டி சொன்னார். "நான் ஃபெயிலாகி வீட்டுல கெடந்தப்ப எங்க வார்டன் வரல தம்பி. எதிர் விடுதிக்காரரு வந்தாரு. ஞாயித்துக்கிழமையானா பஸ்ஸு மாறி மேலூருக்கு வருவாரு. வந்ததும், 'நல்லாத் தூங்குனியா?'ன்னுதான் மொதக் கேள்வி. அவருக்கு அல்ஜீப்ராவே சரியா வராது தம்பி. ரெண்டு பேரும் சேந்துதான் படிச்சோம். அக்டோபர் பரீட்சையில பாஸாயிட்டேன்."

எதையும் சரிபார்த்தே பழகியவன். உங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போய் உங்கள் வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "மேலூர்ல ஜோலின்னு போவாரு. யாரு வீட்டுக்குன்னு சொன்னதில்ல" என்றார். பிறகு, "ஏந்தம்பி, கணக்கு சார் எண்ணி முடிச்சுட்டாரா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அப்பாவிடம் ஏன் நீங்கள் சொல்லவே இல்லை? சொன்னால் அதையும் போட்டியாக்கி, அடுத்த ஞாயிறு உங்களுக்கு முந்தி பஸ் ஏறிவிடுவார் என்றா? அல்லது, தோற்றுப்போனவராகவே இருந்துவிடுவது உங்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லையா?

ஆட்டோவில் வரும்போது எல்லாவற்றையும் அவர் காதோரம் சொன்னேன். மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அவனுக்கு அல்ஜீப்ரா வராதேடா" என்றார்.

"யாருக்குப்பா? பாண்டிக்கா?"

"செல்வராஜுக்கு. என்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பாரா என்று நான் அப்பாவிடம் கேட்கவில்லை. அவரும் அதைத்தான் யோசித்திருப்பார் போல. வீடு வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

உங்களுக்குச் சொல்ல ஒரு செய்தி உண்டு. நேற்று அவராகவே கேட்டார். "பாண்டி வீடு மேலூர்ல எங்கிட்டு இருக்கு?" போய் என்ன சொல்லப் போகிறீர்கள் என்றேன். "தெரியலடா. போயி நிப்போம்" என்றார்.

பதினாறாம் நாள் உங்கள் வீட்டுக்கு அழைத்து வருகிறேன், அம்மா முன்னால். அங்கே அவர் மறுபடி எண்ண ஆரம்பித்தால், இந்த முறை நான் தரையைப் பார்க்க மாட்டேன். அதற்கு முன்பு வரும் ஞாயிறு மேலூர். விடியுமுன்னே கிளம்பிவிட வேண்டும் என்று இப்போதே அவசரப்படுகிறார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாண்டி நன்றாகத் தூங்கி, தானாக எழுந்து வந்து கதவைத் திறக்கட்டும். அதுவரை நாங்கள் இருவரும் வாசலில் காத்திருப்போம், பெரியப்பா.

இப்படிக்கு,
எதிர் விடுதிக்காரர் மகன்,
உங்களுக்கும் மகன் முறை.