பதிவேட்டில் நான் போட்ட தேதி

1986 ஜூலை 7

காலையிலிருந்து புழுதிக்காற்று. துவைத்துப் போட்ட சேலை மறுபடி அழுக்கு.

"நான் சரின்னுதான சொன்னேன் டீச்சர். அப்பத் தப்பு எம்மேலயும்தான?" போன மாதம் ம. கேட்டது. தலையைத் தடவி அனுப்பிவிட்டேன். முப்பது வருடம் பிள்ளைகள் கேள்விக்குப் பதில் சொன்னவள். வெட்கம்.

(முழுப்பெயர் இங்கும் வேண்டாம். இப்படிப்பட்ட வழக்கில் பெண்ணின் பெயரை அச்சில் போடக் கூடாதென்று இப்போது சட்டம். நோட்டிலும் அப்படியே.)

ம. என் பழைய மாணவி. அம்மா பாக்கியம், ஒத்தக்கடையில் புது வீடுகள் கட்டுமிடத்தில் சித்தாள். அங்கே மேஸ்திரி, நாற்பது வயது, பெண்டாட்டி பிள்ளை உள்ளவன். உன்னைக் கட்டிக்கிறேன் என்று பிள்ளைக்கு ஆசை காட்டிக் கெடுத்துவிட்டான். போன செப்டம்பரில். வழக்கு செஷன்ஸ் கோர்ட்டில்.

இன்று அரசு வக்கீலைப் பார்த்தேன். அவர் சொன்னது, தண்டனைச் சட்டப் பிரிவு எண்களோடு, மறக்காமலிருக்க:

509 – கேலிப் பேச்சு, சைகை.
354 – மானத்தைக் கெடுக்கும் எண்ணத்தோடு மேலே கை வைப்பது.
366 – கட்டாயக் கல்யாணத்துக்கோ கெடுக்கவோ பெண்ணைக் கடத்திப் போவது.
375 – கற்பழிப்பு. தண்டனை 376-இல். நம் வழக்கு இது.

"பதினாறு முடியாத பிள்ளை சரின்னு சொன்னாலும் சட்டத்துல அது சரியே இல்ல டீச்சர். முடிஞ்சிருந்தா அந்தச் 'சரி'யச் சொல்லியே அவன் தப்பிச்சிருவான்."

பள்ளிப் பதிவேட்டின்படி, நடந்தபோது அவளுக்குப் பதினாறு வயது மூன்று மாதம்.

பதிவேட்டில் கையெழுத்து என்னுடையது. தேதியும் நான் போட்டது.

ஜூலை 8

ரேஷன் கடை. சீனி வரவில்லை.

எழுதிவிடுகிறேன். 1974 ஜூன், நான் தலைமையாசிரியை. பாக்கியம் வேலைக்குப் போகவேண்டும், பிள்ளையை விட இடமில்லை. வலக்கையைத் தலைக்கு மேலே போட்டு இடக்காதைத் தொடச் சொன்னேன். தொட்டால் ஐந்து வயது. அப்போது அதுதான் அளவு. இரண்டு விரற்கடை எட்டவில்லை. நானே தலையைச் சாய்த்துப் பிடித்துத் தொடவைத்தேன். 1.6.69 என்று போட்டேன். உண்மையில் பிறந்தது 70-இல், பொங்கலுக்கு மறுநாள். நல்லது செய்ததாகவே நினைப்பு.

பிறப்புப் பதிவின் நகல் கிடைத்திருக்கிறது. தேதி சரி. ஆனால் பெயரில்லை, 'பெண் குழந்தை' மட்டும். அது வேறு பிள்ளை என்று எதிர் வக்கீல் சொல்வாராம். பதிவேட்டுத் தேதி பொய்யென்று எழுதியவளே சொன்னால்தான் நிற்கும்.

மாலை ம. வீடு. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.

"உங்க வீட்டு எடத்த ஒருத்தன் உங்கிட்டக் கையெழுத்து வாங்கி எழுதிக்கிட்டா செல்லுமா?" என்று கேட்டேன்.

"செல்லாது. நான் மைனராச்சே."

"தப்பு யாரு மேல?"

"வாங்குனவன் மேல."

"இதுவும் அப்படித்தான். நீ சொன்ன சரி செல்லாது. கேட்டவன் மேலதான் தப்பு."

பாக்கியம் அடுப்படியிலிருந்து, "இத அப்பவே சொல்லியிருந்தா பத்து மாசமா ஒழுங்காச் சோறு தின்னுருப்பால்ல டீச்சர்" என்றாள்.

ஜூலை 10

கோர்ட்டுக்கு பஸ். கண்டக்டர் சேகர், என்னிடம் படித்தவன்.

"எங்க டீச்சர், காலங்காத்தால?"

"கோர்ட்டுக்குடா. ஒரு பிள்ளைக்கு வயசு மாத்திப் போட்டதச் சொல்லப் போறேன்."

"எனக்கும் ஜூன் ஒண்ணுதான போட்டீங்க! எங்க பெஞ்சுல அஞ்சு பேருக்கும் ஜூன் ஒண்ணு. அஞ்சு அம்மாவுக்கும் ஒரே நாள்ல வலி!" பஸ்ஸே சிரித்தது. பிறகு குனிந்து, "இதச் சொன்னா எங்க அம்புட்டுப் பேருக்கும் வில்லங்கமாயிராதா டீச்சர்?"

"வில்லங்கமானா நானே வந்து சாட்சி சொல்றேன்டா."

யோசித்தான். "சரி, சொல்லுங்க. எறங்கும்போது பாத்து எறங்குங்க."

கதவைச் சாத்தி விசாரணை. எதிர் வக்கீல்: "அன்னைக்குப் பொய் எழுதுனேன்னு நீங்களே சொல்றீங்க. இன்னைக்குச் சொல்றத எப்படி நம்புறது?"

கூண்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்குப் பொய் எழுதுனதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லங்கய்யா. இன்னைக்கு உண்மையச் சொன்னா இருக்கு. தெரிஞ்சுதான் வந்தேன்."

நீதிபதி மறுபடி சொல்லச்சொல்லி எழுதிக்கொண்டார்.

ஜூலை 12

தூறல். தீர்ப்பு அடுத்த மாதம். என்மேல் நடவடிக்கை வரலாம்; வரட்டும். ம. நேற்று இரண்டு தடவை சோறு வாங்கித் தின்றாளாம்.

இந்த நோட்டு யார் கைக்கு வந்தாலும்: உங்கள் வீட்டுப் பிள்ளையின் பிறப்புப் பதிவையும் பள்ளிச் சான்றிதழையும் இன்றே எடுத்து, தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.