மூன்றாவது டெனர் மேளக்காரன்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
18-5-1934

அன்புள்ள செங்கமலத்துக்கு, சிங்காரம் எழுதுவது. நான் சுகம். உனக்கும் அத்தைக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

துரை நடத்தும் பைப் பேண்டில் குச்சியைச் சுழற்றி அடிக்கிற டெனர் மேளத்துக்கு நான், உன் தம்பி வேலாயுதம், கன்னியப்பன் என்று மூன்று பேர் இருந்தோம். பெரிய மேளத்தின் இரு பக்கமும் ஒவ்வொருவர் நடந்தால் அழகு, மூன்றாமவன் வரிசையைக் கெடுக்கிறான் என்று துரைக்குக் குறை. திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, “டுவா போதுமா, தீகா வேணுமா?” என்று மலாயில் இரண்டா மூன்றா என்றார். இரண்டு பேர் போதும் என்றேன்.

“அப்ப யார் போறது? நீயே சொல்லு.”

பேண்டில் இல்லாதவன் ரப்பர் தோட்டத்துக் கூலிக்கே திரும்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கன்னியப்பனைச் சொன்னால் பகை வரும், நம் ஆள் பொறுத்துக்கொள்வான் என்று வேலாயுதத்தைச் சொன்னேன். சொந்த மச்சானையே தள்ளிவிட்டானே என்று பேண்டில் எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே அவனை ஜெஞ்சாரோம் தோட்டத்துக்கு லோரி ஏற்றிவிட்டார்கள். அங்கே அவனுக்குக் கொஞ்சம் காய்ச்சலாம், பயப்படாதே.

நேற்று லீவு போட்டு, ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் தன் அறைக் கதவை அவன் திறக்கவில்லை.

“எத்தனை பேர் வந்திருக்கீங்க?” என்று உள்ளேயிருந்து கேட்டான்.

“நான் ஒருத்தன்தான்டா.”

“அதுவே அதிகம் மச்சான். போங்க.”

அறையில் இப்போது நான் மட்டும்தான். நீ இடித்த மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்பு. தபால் கட்டப்போகிறார்கள், நிறுத்துகிறேன். வேலாயுதத்துக்கு ஒரு வரி எழுது. நான் எழுதச் சொன்னதாக எழுதாதே.

சிங்காரம்