கல்லறை மேட்டின் சாவி

மே 14, வியாழன்

அம்மாவோடு பழகும் பண்ணைக்காரர் எர்லெண்ட், அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறார். நான் சம்மதித்தால்தான் அவள் சரி என்பாளாம். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். எனக்குப் பன்னிரண்டு வயது. இதையெல்லாம் என்னிடம் விடலாமா?

மே 15

யோசிக்கவில்லை. கல்லறை மேடுகளைப் பற்றிப் படித்தேன். எங்கள் ஆர்க்னித் தீவு முழுக்க ஐயாயிரம் வருஷத்து மேடுகள், உள்ளே கல் அறைகள். நான் இன்னும் நுழையாதது ஒன்றே ஒன்றுதான், எர்லெண்டின் பண்ணை ஓரத்தில் கடலைப் பார்த்தபடி இருப்பது. சாவி அவர் சமையலறை ஆணியில் தொங்கும். பார்க்க வருகிறவர்கள் அங்கேயிருக்கும் நோட்டில் பெயரும் ஊரும் எழுதிவிட்டுத்தான் அதை எடுக்க வேண்டும்.

மே 16, சனி

'தோரா, கிர்க்வால்' என்று அழுத்தி எழுதினேன். வெளியாள் என்று தெரியட்டும். அவர் அதைப் படித்துவிட்டுக் கூட வந்தார்.

பாறை விளிம்போரமாக இரண்டு மைல். உட்கார்ந்திருந்த ஒரு கடற்பறவையைக் குனிந்து பார்க்கப் போனேன். அவர் சட்டென்று என்னை இழுத்துவிட்டார். கிட்டே போனால் அது வயிற்றிலிருந்து எண்ணெய் துப்புமாம்; அத்தனையும் அவர் சட்டையில். அழுகின மீன் நாற்றம்.

"இந்தச் சட்டையோட போனா உங்கம்மா பதிலே சொல்ல வேண்டியதில்ல" என்றார்.

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

மேட்டின் வாசல் முழங்கால் உயரம்தான். அவர் தோள் நுழையாது. பத்து வயதுக்குப் பிறகு உள்ளே போனதே இல்லையாம், தன் நிலத்திலேயே! என்ன இருக்கிறது என்று சொல்லச் சொன்னார்.

தவழ்ந்து போனேன். கல் அறைகளை ஒவ்வொன்றாகக் கத்திச் சொன்னேன். எல்லா வீட்டு எலும்புகளையும் இங்கே ஒன்றாகக் கலந்து வைத்திருந்தார்கள், படித்திருக்கிறேன், அதையும் சொன்னேன்.

இன்னும் கேட்கிறாரா, போய்விட்டாரோ? டார்ச்சைத் திருப்பினால் - ஈரப் புல்லில் குப்புறப் படுத்து, தலையை மட்டும் உள்ளே நீட்டியிருக்கிறார்.

"யார் யாரோட பிள்ளைன்னு பிரிக்கலையா?"

"பிரிக்கலை."

"சரி. இடது பக்கம் என்ன இருக்கு? நிறுத்தாதே."

ஒரு மணி நேரம் சொன்னேன். பள்ளியில் ஐந்து நிமிஷம்கூட யாரும் கேட்டதில்லை.

மே 17

அம்மாவிடம் சரி என்றேன். அந்தச் சட்டையை மூன்று முறை துவைத்தாளாம்.

ஆகஸ்ட் 22

கல்யாணம் முடிந்து எங்கள் பெட்டிகளெல்லாம் பண்ணைக்கு வந்தாயிற்று. சாயங்காலம் மேட்டுக்குப் போகலாமென்று நோட்டைத் திறந்தேன். பெயர் எழுதினேன். ஊர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த எர்லெண்ட் எழுந்து வந்தார். பேனாவை வாங்கி என் பெயரை அடித்தார்.

"இது வெளியாளுங்க எழுதற நோட்டு. சாப்பாட்டுக்குள்ள வந்துடு."

சாவியை எடுத்துக்கொண்டு போனேன்.